காய்கறிக் கழிவை உரமாக்குபவர்கள் சட்டத்தில் சறுக்கும் இடங்கள்

விடியற்காலை மூன்று மணிக்கு ஆந்திர லோடு இறங்கும். ஏழு மணிக்குள் முட்டைக்கோஸின் வெளி இலை, காலிஃபிளவர் தண்டு, வெங்காயச் சருகு, அடிபட்ட தக்காளி எல்லாம் ஷெட்டின் பின்பக்கம் இடுப்பளவு குவிந்துவிடும். மாதவரம் பக்கம் ஒரு பேக்கிங் ஷெட்டில் இந்தக் குவியலை உரமாக்கும் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் வாடையோடு வளர்ந்தவன் நான். அங்கே போகாமல் நிற்கிற ஒவ்வொரு கூடையும் எனக்குப் பெரிய விஷயம்.

அதனால்தான், நல்ல மனதோடு உரம் போட ஆரம்பித்தவர்கள் ஒரே ஒரு நோட்டீஸில் அலுத்துப்போய், மறுபடி எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அவர்களில் பெரும்பாலோர் சறுக்கியது ஒரு சில இடங்களில்தான். எல்லாமே முன்கூட்டித் தவிர்க்கக்கூடியவை.

"வெறும் காய்கறிதானே, இதுக்கெல்லாம் என்ன சட்டம்?" என்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016, நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுகிற இடத்தைப் பெருமளவு குப்பை உருவாக்குபவர் என்று வகைப்படுத்தின. அதிகாரிகள் பேச்சில் 'பல்க் வேஸ்ட் ஜெனரேட்டர்'. 100 கிலோ என்றால் எவ்வளவு? நான்கு தக்காளி கிரேட். ஒரு நடுத்தர ஷெட் காலை டிபனுக்கு முன்பே அதைத் தாண்டிவிடும். 2026 ஏப்ரல் 1 முதல் பழைய விதிகளின் இடத்தில் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2026 வந்திருக்கின்றன. அவற்றிலும் இந்த 100 கிலோ வரம்பு இருக்கிறது. கூடவே 20,000 சதுர மீட்டர் தளப்பரப்பு, நாளொன்றுக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு என்ற அளவுகோல்களும் உண்டு. ஏதாவது ஒன்றில் சிக்கினாலே போதும். ஈரக் கழிவை முடிந்தவரை தன் இடத்திலேயே பதப்படுத்துவது இப்போது ஷெட் உரிமையாளரின் பொறுப்பு. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டாகப் பிரித்த காலமும் முடிந்தது. ஈரம், உலர், சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படுபவை என நான்காகப் பிரிக்க வேண்டும். 2016-ஐ மேற்கோள் காட்டும் பழைய ஒப்பந்தத்தையும் பலகையையும் அப்படியே மாட்டி வைத்திருப்பவர்கள் முதலில் அதை மாற்றுங்கள்.

எடை போடும்போது மாட்டுக்குக் கொடுப்பதை விட்டுவிடுகிறார்கள். முட்டைக்கோஸ் இலையைக் கறவைமாடு வைத்திருப்பவர்கள் சைக்கிளிலும் டாட்டா ஏஸிலும் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். நல்ல காரியம்தான், ஆனால் அதுவும் உங்கள் ஷெட்டில் உருவான கழிவு. எடை போட்டு, "தீவனம்" என்று தனி வரியில் எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதிலும் குழப்பம் நிறைய. புழல் வரை சென்னை மாநகராட்சியின் மாதவரம் மண்டலம். ஜி.என்.டி. சாலையில் இன்னும் கொஞ்சம் வடக்கே போய்ச் செங்குன்றம் வந்துவிட்டால் அது திருவள்ளூர் மாவட்டத்து நாரவாரிக்குப்பம் பேரூராட்சி. கடைப் பலகையில் 'சென்னை' என்று போட்டிருப்பதால் மண்டல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். சொத்துவரி ரசீதைப் பார்த்தால் உள்ளாட்சி எதுவென்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எழுத்தில் தரும் அனுமதியான இசைவாணை தனிக் கதை. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் கீழும் 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் கீழும் நிறுவுவதற்கு ஒன்று, இயக்குவதற்கு ஒன்று என இரண்டு கட்டம். பேக்கிங்குக்கு ஏற்கெனவே இசைவாணை வைத்திருந்தாலும், உரத் தளத்தை அதில் சேர்க்க வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "அதெல்லாம் வேணாம் சார்" என்று யாரோ சொன்னது ஆய்வு நாளில் உதவாது. மற்ற ஷெட்டுகளின் கழிவையும் வாங்கி நாளுக்கு ஐந்து டன்னைத் தாண்டினால், அது பதப்படுத்தும் நிலையம். 2016 விதிகளிலேயே அதற்கு வாரியத்தின் தனி அங்கீகாரம் கட்டாயமாக இருந்தது.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது தண்ணீரில். குவியலிலிருந்து வடிகிற அந்தப் பழுப்புச் சாற்றைத்தான் சொல்கிறேன்.

ஒரு டன் முட்டைக்கோஸ் இலையில் ஏறக்குறைய 900 லிட்டர் தண்ணீர். குவியல் சூடாகும்போது ஒரு பங்கு ஆவியாகும், மிச்சம் கீழே இறங்கும். எங்கள் ஷெட்டில் இரண்டாம் வருடம் இதை நான் கணக்கில் எடுக்கவில்லை. தார்ப்பாய் போட்டிருக்கிறோம், போதும் என்று நினைத்தேன். ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி தார்ப்பாய் நடுவில் குளம் கட்டி, ஓரத்தில் கிழிந்து, மொத்தமும் குவியலுக்குள் இறங்கியது. காலையில் போய்ப் பார்த்தால் டீ டிகாஷன் நிறத்தில் ஒரு வாய்க்கால் கேட்டுக்கு அடியில் புகுந்து, ரோட்டோர மழைநீர் வடிகாலில் விழுந்துகொண்டிருந்தது. மேலே சோப்பு நுரை மாதிரி நுரை. பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று, "தம்பி, இது உங்க எடத்துத் தண்ணிதானே? குழந்தைங்க இதுல கால வச்சிட்டு வருதுங்க" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புகார் போனது, ஆய்வுக்கு வந்தார்கள், அபராதம் கட்டினோம். கட்டியது நியாயம்தான். இந்தப் பக்கத்து வடிகால்கள் கொசஸ்தலை ஆற்றுப் படுகையைச் சேர்ந்தவை, கடைசியில் எண்ணூர் கழிமுகத்தில் போய்ச் சேர்பவை. அங்கே மீன் பிடித்துப் பிழைப்பவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு பட்டுவிட்டார்கள்.

விதிகளின் இரண்டாம் அட்டவணையை அன்று ராத்திரிதான் முழுதாகப் படித்தேன். 2016 விதிகள் கேட்டவை எதுவும் பெரிய இன்ஜினியரிங் இல்லை. குவியல் போடும் தளம் நீர் இறங்காததாக இருக்க வேண்டும்: கான்கிரீட், அல்லது 50 செ.மீ. கனத்துக்கு இறுக்கிய களிமண். தளத்துக்கு 1 முதல் 2 சதவீதச் சரிவு. அதாவது பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு சாண் கூட இறக்கம் வேண்டாம், 10 முதல் 20 செ.மீ. போதும். தளத்தைச் சுற்றிலும் பூசிய வாய்க்கால், அது போய்ச் சேர ஒரு தொட்டி. தொட்டியில் சேர்ந்ததை ஈரப்பதத்துக்காகத் திரும்பக் குவியலிலேயே தெளிக்கலாம். இந்தக் கடைசி வரி மிக முக்கியம், ஏனென்றால் சாற்றை வெளியே விடுவது சுலபமில்லை. ஆற்றிலோ ஏரியிலோ விட பி.ஓ.டி., அதாவது தண்ணீரிலுள்ள அழுக்கை மக்கவைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள், பாதாளச் சாக்கடையில் விட 350-க்குள் இருக்க வேண்டும். புதுக் காய்கறிச் சாறு ஆயிரக்கணக்கில் நிற்கும். குழாய்த் தண்ணீரைக் கலந்து நீர்க்க வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சாற்றின் அளவைப் பெருக்கி, சுமையை அப்படியே கால்வாய்க்குத் தள்ளுகிற வேலை அது.

நாங்கள் இப்போது செய்வது இவ்வளவுதான். தார்ப்பாய்க்குப் பதில் தகரக் கூரை, கூரைத் தண்ணீருக்குத் தனிக் குழாய். மேலிருந்து வரும் மழையும் கீழிருந்து வரும் சாறும் எங்கேயும் சந்திக்கக் கூடாது. குவியலின் அடியில் முக்கால் அடிக்குத் தென்னைநார்க் கழிவு. அது பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்கிறது, காய்கறியில் குறைவாக இருக்கும் கரிமச்சத்தையும் கொடுக்கிறது. புரட்டாசி முடிவதற்குள் வாய்க்கால் முழுக்கக் கூட்டி, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி அது தொட்டிக்குத்தான் போகிறதா என்று பார்ப்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பக்கம் முழுக்க வெள்ளம் நின்றது. அப்படிப்பட்ட எச்சரிக்கை வந்தால் புதுக் கழிவைக் குவியலில் சேர்ப்பதையே நிறுத்திவிட வேண்டும்.

தென்னைநார்க் கழிவைப் பற்றிச் சொன்னதால் உப்பையும் சொல்லிவிடுகிறேன். முடிந்த உரத்தில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டக் கூடாது என்பது தரம். அழுகலில் கோளாறே இல்லாமல் உப்பால் மட்டும் சோதனையில் தோற்கிற உரம் வடசென்னையில் நிறைய. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்து பல காலமாகிறது. அந்த போர் தண்ணீரில் நாரை ஊறவைத்தால், தண்ணீர் ஆவியாகி உப்பு உரத்திலேயே தங்கிவிடும். உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையின் நாரும் அப்படித்தான். கழுவிய நாராகக் கேட்டு வாங்குங்கள். நனைக்க மழைத் தண்ணீரைச் சேமித்து வையுங்கள்.

கலப்படம் என்றவுடன் எல்லோரும் பிளாஸ்டிக் பையை நினைக்கிறார்கள். அதைக் கண்ணால் பார்த்து எடுத்துவிடலாம். கண்ணுக்குத் தப்புவது ஆப்பிள் ஸ்டிக்கர், கொத்தமல்லிக் கட்டின் ரப்பர் பேண்டு, வலைப்பையின் நூல், அட்டைப்பெட்டியின் பின். எங்கள் ஷெட்டில் தரம் பிரிக்கிற ஒரு அக்கா இடுப்பில் சின்ன டப்பா கட்டிக்கொண்டு, கட்டைப் பிரிக்கும்போதே ரப்பர் பேண்டை அதில் போடுவார். ஒரு மாதத்தில் அந்த டப்பாவில் சேர்ந்ததைக் கொட்டிப் பார்த்தபோது இரண்டு கை நிறைய வந்தது. குவியலுக்குள் போனபின் பொறுக்குவது நடக்காத காரியம். பிரிக்கிற மேசையிலேயே எடுத்தால்தான் உண்டு. இன்னொன்று மரத்தூள். பெயின்ட் அடித்த பழைய பலகை அறுத்த தூளை இலவசம் என்று வாங்கிப் போட்டால் ஈயம் ஏறும். உரத்தில் ஈயத்துக்கு வரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம், காட்மியத்துக்கு 5, பாதரசத்துக்கு வெறும் 0.15.

இடம் மிச்சம் என்று பேக்கிங் மேசைக்குப் பின்சுவரிலேயே குவியல் போடுவதும் தவறு. உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, கழிவு உணவைக் கையாளும் இடத்தை அசுத்தப்படுத்தக் கூடாது என்கிறது. பழ ஈக்களுக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

விற்பனைக்கு வருவோம். தோட்டம் வைத்திருக்கும் நண்பருக்கு ஒரு மூட்டை கொடுப்பது வேறு, பையில் அடைத்துப் பெயர் போட்டு விற்பது வேறு. விற்கத் தொடங்கினால் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985 உள்ளே வருகிறது. பதிவும் ஆய்வகச் சோதனையும் வேண்டும், இதற்கு வேளாண்மைத் துறையை அணுக வேண்டும். நகரக் கழிவு உரம், மண்புழு உரம் இரண்டுக்கும் அந்த ஆணையில் தனித்தனித் தரம் இருக்கிறது. பையில் எந்தப் பெயரைப் போடுகிறீர்களோ அந்தத் தரத்தில்தான் உங்களைச் சோதிப்பார்கள். மண்புழுவே போடாமல் 'மண்புழு உரம்' என்று அச்சடித்த பைகளைப் பார்த்திருக்கிறேன். அதை நம்பி வாங்குபவர் மாடியில் நான்கு கத்தரிச் செடி வைத்திருக்கும் ஒரு சாதாரண மனிதர். நகரக் கழிவு உரத்துக்கு ஈரம் 15 முதல் 25 சதவீதம், கரிம-தழை விகிதம் (கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம்) 20-க்குள், 90 சதவீதமாவது 4 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும், கெட்ட வாடை இருக்கக் கூடாது. நாற்பது நாளில் அவசரப்பட்டுப் பையில் அடைத்தால் விகிதத்தில் தோற்கும். குவியல் ஆறிய பிறகும் ஒரு மாதம் முதிரவிடுங்கள்.

கணக்குப் புத்தகத்தை ஆய்வுக்கு முந்தின ராத்திரி ஒரே பேனாவில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அனுபவப்பட்ட அதிகாரிக்கு ஒரு பக்கம் புரட்டினாலே தெரியும். தினமும் 300 கிலோ, முழு எண், பொங்கலன்றும் 300 கிலோ! அதைவிட, உள்ளே போன எடைக்கும் வெளியே வந்த உரத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். ஒரு டன் காய்கறிக் கழிவு அரை டன் உரமாக வந்ததென்று எழுதியிருந்தால், இடையில் வேறெதுவோ கலந்திருக்கிறது என்றுதான் பொருள். தேதி, எடை, சேர்த்த நாரின் அளவு, குவியலின் வெப்பம், புரட்டிய நாள் என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டு போதும். வெப்பம் 55 டிகிரிக்கு மேல் ஏறிச் சில நாள் நின்றதை அந்த நோட்டு காட்டினால், கிருமிகள் செத்திருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. கழிவை வெளியாளிடம் ஒப்படைக்கிறவர்கள் அவருடைய அங்கீகார நகலையும் ஒவ்வொரு லோடின் எடைச் சீட்டையும் வைத்திருங்கள். அவர் ஏதாவது காலி மனையில் கொட்டிவிட்டுப் போனால் முதலில் தேடி வருவது உங்களைத்தான். காய்ந்த சருகையும் கயிற்றையும் கொளுத்துவதைப் பற்றி ஒரே வரி: செய்யாதீர்கள். பெருமளவு குப்பை எரிப்புக்கு 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லிவிட்டது.

கடைசியாகச் சொல்வது அபராதத்தைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. சாறு சேரும் தொட்டி மூடியதாக இருந்தால் உள்ளே காற்றில்லாமல் அழுகி விஷவாயு தேங்கும். அடைப்பெடுக்க இறங்குகிறவர் மயங்கி விழ ஒரு மூச்சு போதும். அவரைத் தூக்க இறங்குகிற இன்னொருவரும் அங்கேயே விழுவார். தொட்டியை மார்பளவுக்கு மேல் ஆழமாகக் கட்டாதீர்கள். மேலே கம்பி வலை போட்டுக் காற்றோட்டமாக விடுங்கள். அடைப்பை நீண்ட கம்பியாலும் மோட்டாராலும் வெளியிலிருந்தே எடுங்கள். எங்கள் தொட்டியின் வலைக்குப் பூட்டு இருக்கிறது. சாவி என் இடுப்பில்தான் இருக்கும். ஊருக்குப் போனால் அதைச் செக்யூரிட்டியிடம் கொடுக்காமல், "யாரையும் இறக்க மாட்டேன்" என்று சொல்ல வைத்து மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.