இனக்கவர்ச்சிப் பொறி: தக்காளித் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் புதிதாகத் தக்காளி வைப்பவர்களிடம் எங்கள் காலத்துத் தவறுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. பெண் அந்துப்பூச்சியின் மணத்தை ஏற்றிய சிறு துண்டுதான் லூர். அதை நாடி வரும் ஆண் பூச்சி பொறியின் பையில் விழும். லூர் மாட்ட மறப்பது, பொறி சாய்வது போன்றவற்றை விடுகிறேன். அவை தாமாகவே கண்ணில் படும்.

ஒரே பொறியில் இரண்டு லூர்

இதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. பாலக்கோடு அருகே ஒரு தம்பி காய்ப்புழு லூரையும் வெட்டுப்புழு லூரையும் சேர்த்துக் கட்டியிருந்தார். இரண்டும் வெவ்வேறு அந்துப்பூச்சி இனங்களின் புழுக்கள். "ஒரு பொறியின் காசு மிச்சம்தானே அண்ணா" என்றார். பையில் பூச்சி விழவில்லை. தோட்டத்திலும் இல்லை என்று நம்பிவிட்டார். காயில் துளை தெரிந்தபோது புழு உள்ளே போயிருந்தது. அதன்பின் மருந்து அடித்து என்ன பயன்?

ஆண் அந்துப்பூச்சியின் உணர்கொம்பு முழுவதும் நுண்மயிர்கள். மயிரின் துளை வழியே நுழையும் மணத்தை ஒரு புரதம் உள்ளிருக்கும் நரம்புச் செல்லிடம் சேர்க்கிறது. தன் இனப் பெண்ணின் மணத்துக்கு ஒரு வகைச் செல். வேற்றினத்தின் மணத்தைக் காட்டிக்கொடுக்க இன்னொரு வகை. பின்னது தூண்டப்பட்டால் ஆண் விலகிவிடும். காய்ப்புழுப் பெண்ணின் மணத்தில் முதன்மையான இரு பொருள்கள் ஏறத்தாழ 97க்கு 3 என்ற அளவில் கலந்திருக்கின்றன. இவ்வளவு நுட்பமான கலவையோடு வேறொன்றைக் கட்டிவைக்கலாமா?

தனித்தனிப் பொறி வைத்தும் ஒரே விரலால் இரண்டு லூரையும் தொடுகிறவர்கள் உண்டு. தொடாதீர்கள். இனத்துக்கு ஒரு கையுறை வையுங்கள்.

இந்தப் பொருள்களின் அருமையும் தெரிய வேண்டும். தருமபுரி அங்காடிக்கு நம்மவர்கள் கூடு கொண்டுபோகும் அதே பட்டுப்பூச்சியிலிருந்துதான், 1959இல் ஜெர்மனியின் அடோல்ஃப் பூட்டெனான்ட் முதல் இனக்கவர்ச்சிப் பொருளைப் பிரித்துக் கண்டறிந்தார். சில மில்லிகிராமுக்கு ஏறத்தாழ 5 லட்சம் பெண் பூச்சிகள் தேவைப்பட்டன.

பழைய லூர்

மூன்று வாரத்துக்குள் மாற்றுங்கள்.

உயரம்

செடி வளர வளரப் பொறியும் ஏற வேண்டும். உச்சிக்கு ஓர் அடி மேல்.

பை நிறைந்ததும் நிம்மதி

விழுவது ஆண் மட்டுமே. இணைசேர்ந்த பெண் தோட்டத்தில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். ஏக்கருக்கு ஐந்து பொறி வைப்பது பூச்சி வரவை அறியத்தான். பையில் எண்ணிக்கை ஏறத் தொடங்கிய அன்றே பூவை ஒட்டிய மேல் இலைகளைப் புரட்டி முட்டையைத் தேடுங்கள்.