சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் போங்கள்

லண்டனில் இருப்பவர்கள் டால்ஸ்டன் ரிட்லி ரோடு போன்ற தெருச் சந்தைகளில் காய்கறி, பழம் வாங்கச் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். ஞாயிறு அங்கே சந்தை இல்லை. பழுத்த தக்காளியும் மாம்பழமும் திங்கள்வரை தாங்காது, அன்றே கடையைக் காலி செய்தும் ஆக வேண்டும். அதனால் கிண்ணக் கணக்கில் விற்பவர்கள் ஒரு கிண்ணத்தின் விலைக்கு இரண்டைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். சில்லறை கையில் இருந்தால் பேரம் சுலபம். பையில் கொட்டும் முன் கிண்ணத்தின் அடியைப் பார்த்துவிடுங்கள், நசுங்கியது அங்கேதான் இருக்கும்.

மீன், கீரைக்கு இது சரிவராது, காலையிலேயே போங்கள். குளிர்காலத்தில் சீக்கிரமே கடையைக் கட்டிவிடுவார்கள். சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் பரோ மார்க்கெட்டில் இந்தப் பருப்பு வேகாது.