தீ போன பிறகு எந்த மரம் பிழைக்கும்? முன்கூட்டியே கணிக்கும் வழி

காட்டுத்தீ என்றதும் எல்லோர் கண்ணும் தீ நாக்கின் உயரத்துக்குத்தான் போகும். மரம் பிழைக்குமா என்று கணிக்க அது மட்டும் போதாது. அடிமரத்தில் சூடு எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில், எரியப்போவதை அளந்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் கிடக்கும் சருகு, காய்ந்த புல், மெல்லிய குச்சிகளை அள்ளி, உலர்த்தி, எடை போடுங்கள். அரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதற்கடியில் இருக்கும் மட்கின், அதாவது மக்கிப்போன இலைதழைப் படிவத்தின், ஆழத்தையும் ஈரத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தீயின் தீவிரம். தீ ஆய்வாளர் பைரம் 1959-இல் தந்த சூத்திரம் எளிமையானது: வெப்ப மதிப்பு × எரியும் எடை × தீ நகரும் வேகம். வெப்ப மதிப்பு என்பது ஒரு கிலோ எரிந்தால் வெளிவரும் வெப்பம்: சுமார் 18,000 கிலோஜூல். தீ நொடிக்கு 3 சென்டிமீட்டர் நகர்ந்தால் 18,000 × 0.5 × 0.03 = 270. அதாவது தீ முகப்பின் ஒவ்வொரு மீட்டருக்கும் 270 கிலோவாட். தீ நாக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் எழும்.

சரி, இலை எந்த உயரம் வரை கருகும்? இன்னொரு தீ ஆய்வாளர் வான் வாக்னர் 1973-இல் தந்த சமன்பாட்டின்படி, காற்றின் வெப்பநிலை 25 டிகிரியை ஒட்டி இருந்தால், 270-இன் அடுக்கு 0.667-ஐக் கண்டு 0.148-ஆல் பெருக்குங்கள். சுமார் 6 மீட்டர் வரும்! ஒரு மீட்டர் தீ ஆறு மீட்டர் வரை இலையைக் கருக்கிவிடுகிறது. வெயில் ஏற ஏற இந்த உயரமும் கூடும்.

அப்புறம் பட்டை. இதை அவசரப்படாமல் பாருங்கள். பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசு (மரத்தைப் பருக்கவைக்கும் மெல்லிய உயிரடுக்கு) சுமார் 60 டிகிரியில் செத்துவிடும். சூடு உள்ளே போய்ச் சேரும் நேரம் பட்டைத் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது: தடிமனை சென்டிமீட்டரில் எடுத்தால், தோராயமாக 2.9 × தடிமன் × தடிமன், நிமிடங்களில். ஒரு சென்டிமீட்டர் பட்டை மூன்று நிமிடம் தாங்கும். இரண்டு சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 12 நிமிடம். வேகமாகக் கடந்துபோகும் தீயைப் பெரிய மரம் சமாளித்துவிடும். ஆனால் மட்கு காய்ந்திருந்தால் தீ போன பிறகும் மணிக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். அடிமரமும் மேல்வேர்களும் மெல்ல வெந்துபோகும். பல்லாண்டு தீயே படாமல் மட்கு குவிந்த காட்டில் மூத்த மரங்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் மட்கின் ஈரத்தை அளக்காத கணிப்பை நான் நம்பமாட்டேன்.

கடைசியாக, சரிபார்ப்பு. தீ அணைந்த பின் அடிமரத்தின் நான்கு பக்கமும் நாணய அளவுக்குப் பட்டையைச் செதுக்கிப் பாருங்கள். அடியில் உள்ள வளர்திசு வெளிறி ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறியிருந்தால் அந்தப் பக்கம் போய்விட்டது. சில மரங்கள் இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் சாகும். எனவே ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஆண்டுதோறும் போய்ப் பாருங்கள்.