ரேம் எவ்ளோ ஃப்ரீயா இருக்குன்னு பாக்கறப்ப பண்ற தப்புங்க

போன வாரம் திருப்பாதிரிப்புலியூர்ல அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன், அத்தை பையன் "அண்ணா சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, மெமரி ஃபுல்லுன்னு கடையில சொன்னாங்க, போட்டோ எல்லாத்தையும் அழிச்சிட்டேன், அப்பவும் அப்படியே தான் இருக்கு"ன்னான். எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, அதுல தேவனாம்பட்டினம் பீச்சுல தாத்தாவோட எடுத்த படமெல்லாம் இருந்துச்சு. நல்லவேளை ரீசைக்கிள் பின்ல கிடந்துச்சு, எல்லாத்தையும் திரும்ப எடுத்துட்டோம்.

கடலூர்ல எனக்குத் தெரிஞ்ச பாதி வீட்ல இந்தக் குழப்பம் இருக்குங்க. சி டிரைவ்ல காட்டுற இடம் ஸ்டோரேஜ், ரேம் வேற, அது ப்ரோகிராம் ஓடறப்ப அதோட டேட்டாவ தற்காலிகமா வெச்சிக்கிற இடம். போட்டோவ அழிச்சா ரேம் ஒரு எம்பி கூட கூடாது. (சி டிரைவ் சுத்தமா நிரம்பிட்டாலும் சிஸ்டம் திணறும் தான், ஏன்னா ரேம் பத்தாதப்ப அதுல இருக்கறத தள்ளி வெக்கற பேஜ் ஃபைல விண்டோஸ் பொதுவா அங்க தான் வெச்சிக்கும்.) ரேம பாக்கணும்னா கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அழுத்துங்க, டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ் போயி மெமரிய தொடுங்க.

இங்க தான் அடுத்த தப்பு, இதுல தான் நிறைய பேர் காச விடறாங்க. விண்டோஸ்லயே இருக்கற ரிசோர்ஸ் மானிட்டர்ங்கற இன்னொரு டூல்ல ஃப்ரீன்னு ஒரு நம்பர் இருக்கும், 8 ஜிபி போட்ட மெஷின்ல கூட அது சில நூறு எம்பி தான் காட்டும், உடனே ரேம் தீந்துபோச்சுன்னு பயந்துடுவாங்க. ஆனா நீங்க பாக்க வேண்டியது டாஸ்க் மேனேஜர் மெமரி பக்கத்துல இருக்கற அவைலபிள். நீங்க மூடின ப்ரோகிராமோட டேட்டாவ விண்டோஸ் உடனே தூக்கிப் போடாது, ஸ்டாண்ட்பைல வெச்சிருக்கும், சமைச்சு முடிச்சப்புறமும் உப்பு டப்பாவ அடுப்பு மேடையிலயே விட்டு வைக்கிற மாதிரி, மறுபடி வேணும்னா கைக்கு எட்டும், வேற எதுக்காவது இடம் வேணும்னா நகத்திக்கலாம். அந்த ஸ்டாண்ட்பையும் ஃப்ரீயும் சேந்தது தான் அவைலபிள். அரசாங்கம் குடுத்த லேப்டாப்ல விண்டோஸுக்குப் பதிலா பாஸ் லினக்ஸ் வெச்சிருக்கவங்களுக்கும் இதே கதை தான், டெர்மினல்ல ஃப்ரீன்னு கமாண்ட் அடிச்சா ஃப்ரீங்கற நெட்டு வரிசைல நம்பர் கம்மியா இருக்கும், ஸ்டாண்ட்பை மாதிரியான பஃப் கேஷ் பெருசா இருக்கும், அவைலபிள்னு ஒரு வரிசை இருந்தா அத மட்டும் பாருங்க.

ரேம் கிளீனர், பூஸ்டர்னு வர்ற சாஃப்ட்வேர தயவுசெஞ்சு போடாதீங்க. அதுங்க ஓடிட்டு இருக்கற ப்ரோகிராமோட டேட்டாவ ரேம்லேந்து வெளிய தள்ளும், நம்பர் அழகா தெரியும், திரும்ப அந்த விண்டோவ தொட்டா டிஸ்க்லேந்து படிக்கணும், அதனால முன்னவிட ஸ்லோவாகும்.

சிஸ்டம் போட்ட உடனே பாத்துட்டு நிறைய இருக்குன்னு முடிவு பண்றதும் தப்பு, நீங்க தினம் பண்ற வேலைய, பத்து டேப் க்ரோம், டேலி எதுவோ, எல்லாத்தையும் தொறந்து வெச்சிட்டு பாருங்க. அப்புறம் ஷட்டவுன் பண்ணி போட்டா எல்லாம் புதுசா தொடங்கும்னு நெனைக்கறதும் தப்பு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (சீக்கிரம் ஆன் ஆகறதுக்கான விண்டோஸ் செட்டிங்) ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணி போட்டாலும் விண்டோஸோட உள்பகுதி முழுசா புதுசா தொடங்காது, ரீஸ்டார்ட் குடுத்தா தான் தொடங்கும்.

8 ஜிபி வாங்கினேன் 7.8 தான் காட்டுதேன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, மிச்சத்த பெரும்பாலும் உள்ளயே இருக்கற கிராஃபிக்ஸ் எடுத்துக்கும். 4 ஜிபி போட்டும் 3 சொச்சம் தான் காட்டுதுன்னா விண்டோஸ் 32 பிட்டான்னு பாருங்க, அதுல அவ்ளோ தான் வரும்.

இதெல்லாம் பாத்தும் வேலை நேரத்துல அவைலபிள் எப்பவும் அரை ஜிபிக்குக் கீழயே நின்னா அப்ப ரேம் வாங்கலாம். அதே மெமரி பக்கத்துல ஸ்லாட்ஸ் யூஸ்டுன்னு இருக்கும், ஸ்லாட்னா ரேம் ஸ்டிக்க சொருகற இடம், 2ல 1 தான்னா இன்னொண்ணு சேத்துக்கலாம். ரேம்ல டிடிஆர் 3, டிடிஆர் 4னு வகை இருக்கு, டிடிஆர் 3 ஸ்லாட்ல டிடிஆர் 4 உக்காராது, வெட்டு இருக்கற இடமே வேற, லேப்டாப் ரேமும் டெஸ்க்டாப் ரேமும் நீளமே வேற, அதனால பழைய ஸ்டிக்க கழட்டி கையோட கடைக்கு எடுத்துட்டு போயிடுங்க. அத்தை வீட்ல அவைலபிள் 3 ஜிபிக்கு மேல இருந்துச்சு, ரேமே வாங்கல, சிஸ்டம் ஆன் ஆகறப்ப தானா தொடங்குற ஏழெட்டு ஐட்டத்த டாஸ்க் மேனேஜரோட ஸ்டார்ட்டப் டேப்ல டிசேபிள் பண்ணோம், இப்ப நல்லா ஓடுது.