ஆற்றோடு ஏறி அருவி பார்க்க: நெல்லை மலைகளுக்கு ஒரு நடைக் குறிப்பு

குற்றாலம் பேரருவியில் நின்று குளிக்க முடிவதற்குக் காரணம் நடுவில் இருக்கும் பொங்குமாங்கடல். மேலிருந்து வரும் தண்ணீர் அந்தப் பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்த பிறகுதான் நம் தலைக்கு வருகிறது. போதாததற்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, காவலுக்குப் போலீஸ் உண்டு, பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் உடனே தடையும் உண்டு. காட்டுக்குள் இருக்கும் அருவிக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. குற்றாலத்தில் குளித்த தைரியத்தோடு மலை இடுக்கில் ஏறுகிறவர்களுக்காகவே இந்தக் குறிப்பு.

எந்த மலைக்கு எப்போது

ஆடிச் சாரலில் குற்றாலம் கொட்டுகிறதே, அதே வாரம் களக்காட்டுப் பக்கமும் கொட்டும் என்று கிளம்பினால் பாறையைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைவதால் குற்றாலத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன். களக்காடு, திருக்குறுங்குடி, மணிமுத்தாறு ஆகியவை மலையின் கிழக்குச் சரிவில் இருக்கின்றன. இவற்றுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் மழை. காரையாறுக்கு மேலே உள்ள பொதிகைப் பகுதி இரண்டு மழையையும் வாங்கிக்கொள்ளும்.

கிழக்குச் சரிவில் நடக்கச் சரியான காலம் மார்கழிக் கடைசியிலிருந்து தை முடிய. மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும், அருவியும் வற்றியிருக்காது. அடைமழைக்கு மறுநாள் போனால் அருவி பிரமாதமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் அடிவாரம் வரை போய்ச் சேர முடியாது.

அனுமதி

மலையின் பெரும்பகுதி 1988ல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. அனுமதி இல்லாமல் உள்ளே நுழைந்தால் வழக்குதான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீ மலையேறியவர்களைச் சூழ்ந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடியது. 'தெரிந்தவர் இருக்கிறார், குறுக்கு வழியில் கூட்டிப்போவார்' என்கிற பேச்சுக்கு மயங்க வேண்டாம். உள்ளே காலை முறித்துக்கொண்டால் நீங்கள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

நேர்வழி, 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு'. 40 பாதைகளில் நெல்லைக்குக் காரையாறு மூலக்கசமும், தென்காசிக்குக் குற்றாலம் செண்பகாதேவி அருவியும் வருகின்றன. முன்பதிவு ஆன்லைனில், கூடவே வழிகாட்டி வருவார். தீ அபாயக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2025ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தார்கள். திருக்குறுங்குடி மலைமேல் நம்பி கோயிலுக்கு நம்பியாற்றை ஒட்டிப் போகும் பாதைக்கு வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்க வேண்டும். மழை எச்சரிக்கை வந்தால் அன்று காலையில்கூட நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று வாக்குவாதம் செய்வதில் பயனில்லை.

வழிகாட்டி இந்த மலையின் பழங்குடியான காணிக்காரராக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அவர் நின்றால் நில்லுங்கள், காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

மழையைப் படிப்பது

நாம் நிற்கும் இடத்தில் வெயில் காயும். மேலே ஒரு மணி நேரம் பெய்திருக்கும். மலை செங்குத்து, பாறைக்கு மேல் மண் கொஞ்சம்தான், ஊற இடமில்லாத தண்ணீர் அப்படியே இடுக்கில் இறங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அப்போது சீசனே தொடங்கியிருக்கவில்லை, கோடை மழைதான்.

முந்தைய நாளும் புறப்படும் காலையும் செய்தித்தாளில் வரும் மாவட்ட மழை அளவைப் பாருங்கள். மணிமுத்தாறு பக்கம் போவதானால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்ற நான்கு பெயர்களைத் தேடுங்கள். அந்த ஆற்றுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான். அடிவாரத்தில் சுழியம் போட்டிருக்கும், ஊத்தில் 8 சென்டிமீட்டர் என்றிருக்கும். அப்படியானால் அன்றைக்கு வேண்டாம். நம்பியாற்றுப் பக்கத்துக்குக் கொடுமுடியாறு அணையின் மழை அளவும் நீர்மட்டமும் உதவும். முந்தைய நாளைவிட மட்டம் சில அடி ஏறியிருந்தால் மேலே நன்றாகப் பெய்திருக்கிறது என்று பொருள்.

அணைக்குக் கீழே உள்ள இடங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மதகு திறந்தால் ஒரு சொட்டு மழை இல்லாமலே தண்ணீர் ஏறும்.

பையில் என்ன

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஸ்டீல் பாட்டிலில். பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்பு எல்லாம் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உப்புக்கரைசல் பொட்டலம் 2. அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமமாக வழித்த 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. மலை ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். மேலே யானையும் மிளா மானும் அதே தண்ணீரில்தான் நிற்கின்றன.

சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, வாழையிலையில் கட்டியது. புளியோதரையும் தாங்கும். தேங்காய்ச் சட்னி மதியத்துக்குள் ஊசிவிடும். கருப்பட்டி ஒரு துண்டு தனியாக வைத்திருங்கள், திரும்பும்போது கால் துவளும் நேரத்துக்கு. எதையும் கையில் தொங்கவிட்டு நடக்க வேண்டாம். குரங்கு பிடுங்கும், பிடுங்கியதை விடாமல் இழுக்கிறவர்கள்தான் கடி வாங்குகிறார்கள்.

ஜீன்ஸ் நனைந்தால் ஈயமாய்க் கனக்கும், மாலை வரை காயாது. மெல்லிய துணியில் முழுக்கால் சட்டை போதும். செருப்பு கூடாது, மென்மையான ரப்பர் அடி உள்ள, ஏற்கெனவே பழகிய ஷூ. மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி, நெற்றி விளக்கு, விசில், தோள் உயரக் கம்பு ஒன்று. போனுக்குப் பாதி வழியிலேயே சிக்னல் போய்விடும். ஆகவே எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

நேரக் கணக்கு

மலை இடுக்கில் ஏறும்போது மணிக்கு 2 கிலோமீட்டர்தான் கணக்கு. போக 6, வர 6 என்றால் ஏற 3 மணி நேரம், அருவியில் 1, இறங்க இரண்டரை. காலை 7க்குத் தொடங்கினால் பிற்பகல் ஒன்றரைக்கு முடியும். கிழக்குச் சரிவில் வெயில் சீக்கிரம் மலைக்குப் பின்னால் போய்விடும். ஊரில் வெளிச்சமாக இருக்கும் 4 மணிக்கே இடுக்குக்குள் மங்கல் விழும். யானை தண்ணீருக்கு இறங்கும் நேரமும் அதுதான். அருவி வந்தாலும் வராவிட்டாலும் 12 மணிக்குத் திரும்புவது என்று புறப்படும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். 'அடுத்த வளைவுதான்' என்பார்கள். அடுத்த வளைவு அத்தனை சீக்கிரம் வராது.

பாறையில் கால் வைப்பது

காய்ந்த பாறை நன்றாகப் பிடிக்கும். வழுக்குவது தண்ணீர் விளிம்பை ஒட்டிக் கருப்பாகப் பளபளக்கும் பட்டை. பச்சைப் பாசி கண்ணுக்குத் தெரியும், இந்தக் கருப்புப் பாசி தெரியாது, அதனால் அதில்தான் அதிகம் விழுகிறார்கள். எடையை ஏற்றுவதற்கு முன் ஷூ முனையால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் ஏறலாம், சோப்பு போல நழுவினால் வேறு கல். நனைந்த வேரும் சருகு மூடிய பாறையும் இதே ரகம். இறங்கும்போது சந்தேகம் வந்தால் உட்கார்ந்து நகருங்கள். சட்டை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.

ஆற்றைக் கடப்பது

விபத்துகளில் பெரும்பகுதி இங்கேதான். ஒரு சுள்ளியை எறிந்து பாருங்கள். நாம் நடப்பதைவிட வேகமாக அது போய், தண்ணீரும் முழங்காலுக்கு மேல் என்றால் கடக்கக் கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

குறுகலான இடம் சீக்கிரம் தாண்டிவிடலாம் போலத் தோன்றும். ஆறு ஒடுங்கும் இடத்தில்தான் ஆழமும் இழுப்பும் அதிகம். அகன்று, கூழாங்கல் தெரிய, தண்ணீர் சலசலக்கும் இடத்தைத் தேடுங்கள். அதற்குக் கீழே ஐம்பதடிக்குள் அருவியோ, கசம் என்கிற ஆழமான நீர்க்குழியோ இருந்தால் அந்த இடமும் ஆகாது. கால் தவறினால் போய் நிற்பது அங்கேதான்.

சாக்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு ஷூவை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பையின் இடுப்பு, மார்பு வார்களை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கம்பை முன்னால் ஊன்றி, நண்டு போலப் பக்கவாட்டில் நகருங்கள். ஒரு காலைத் தூக்கும்போது மற்றக் காலும் கம்பும் தரையில் இருக்க வேண்டும். மூன்று பேர் இருந்தால் கனமானவர் முன்னால் கம்போடு, மற்ற இருவரும் அவர் தோளைப் பிடித்துப் பின்னால். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்குவதைச் சினிமாவோடு விட்டுவிடுங்கள். விழுந்தவரைக் கயிறு ஒரே இடத்தில் பிடித்து வைக்க, தண்ணீர் அவர் தலைக்கு மேல் ஏறிப் போகும்.

விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயல வேண்டாம், கற்களுக்கு இடையில் பாதம் மாட்டும். மல்லாந்து, காலை ஓட்டத்தின் திசையில் நீட்டி, ஆழம் குறைந்த ஓரம் வரும்வரை மிதந்து போங்கள்.

அருவி அடியில்

வந்ததும் முதல் வேலை, தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைப்பது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் பாருங்கள். கல் நனைந்தால், தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் கொத்தாக மிதந்து வந்தால், அருவிச் சத்தம் கனத்தால், எதையும் எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள். வந்த வழியே கீழ்நோக்கி ஓடினால் வெள்ளம் நம்மைவிட வேகமாக வரும். ஏறிய இடத்தில் இரவு தங்க நேர்ந்தாலும் வடியும்வரை இறங்க வேண்டாம்.

அருவி விழும் கசத்தில் நுரை வெள்ளையாகப் பொங்கும். அந்த நுரையில் பாதி காற்று, அது ஆளைத் தாங்காது. நீச்சல் தெரிந்தவரும் அங்கே அமிழ்வார், அடியில் சுழல் திரும்ப அருவிக்கே இழுக்கும். மேலிருந்து குதிப்பதைப் பற்றி ஒன்றுதான்: ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அடிப்பாறை இடம் மாறும், போன வருட ஆழம் இந்த வருடம் இருக்காது. வெள்ளத்துக்கு மறுநாள் அருவியோடு கல்லும் கட்டையும் வரும் என்பதால் நேர் கீழே நிற்பதும் வேண்டாம். அகஸ்தியர் அருவிக்கு மேலே படியேறிப் பார்க்கும் கல்யாண தீர்த்தம், கசம் கண்ணை ஏமாற்றும் என்பதற்கு நல்ல உதாரணம். மேலே அமைதியாகத் தெரியும், உள்ளே ஆழம். கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

அட்டை, பாம்பு, காய்ச்சல்

அட்டைக்குப் புகையிலை ஊறிய தண்ணீரையோ வேப்பெண்ணெயையோ சாக்ஸில் தடவலாம். கடித்ததைப் பிய்க்காமல் நகத்தால் வாய்ப் பக்கம் நெம்புங்கள். ரத்தம் உறையாமல் அது ஒரு பொருளை விடுவதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம்.

பாம்பு கடித்தால் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கி வந்து 108 கிடைக்கும் இடத்துக்குச் சேருங்கள். நம் ஊர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குத்தான். மலையில் இருக்கும் குழிவிரியன்களுக்கு அது வேலை செய்வதில்லை. ஆகவே பார்க்காத இடத்தில் கை வைக்காமல் இருப்பதே மருந்து.

திரும்பி வந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால் உடம்பைத் தேடிப் பாருங்கள். இடுப்பு வார் அழுத்தும் இடம், அக்குள், தொடை இடுக்கு ஆகியவற்றில் சிகரெட் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு வலியில்லாமல் இருக்கலாம். புதரில் இருக்கும் நுண்ணிய உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் அது. டாக்டரிடம் 'காட்டுக்குப் போயிருந்தேன்' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் குணமாகும் நோய். சொல்லாமல் விட்டு, சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமாலோடு நாள் கடத்தினால் கல்லீரல், நுரையீரல் வரை போய்விடும்.