தொழில் முறையை லைசென்ஸ் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன் தொழிலில் ஒரு முறையை உருவாக்கி, அது நன்றாக ஓடுகிறது என்று தெரிந்ததும் மற்ற முதலாளிகளுக்கும் அதை லைசென்ஸ் கொடுக்கலாம், அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு பயன்படுத்தும் உரிமை தரலாம் என்று கிளம்புகிறவர்களின் ஒப்பந்தங்களைப் படிப்பது என் வேலை. நல்ல யோசனைதான். ஆனால் புதிதாக வருகிறவர்களும் முன்னால் போனவர்கள் விழுந்த அதே இடத்தில்தான் விழுகிறார்கள். வாய்ப்பேச்சில் கொடுக்காதீர்கள், வக்கீலைப் பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நிபந்தனை போடாமல் ஏரியாவைக் கொடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். முதல் ஆள் வருகிறார், பணம் கட்டத் தயாராக இருக்கிறார், "இந்த ஊரில் நான் மட்டும்தான் இருக்க வேண்டும்" என்று ஒன்றே ஒன்று கேட்கிறார். முதல் வரவாச்சே என்ற சந்தோஷத்தில் இவரும் சரி என்றுவிடுகிறார்.

ஒரு பல் மருத்துவர், சிகிச்சையைப் பாதியில் நிறுத்திய நோயாளிகளைத் திரும்ப வரவைக்க அருமையான ஒரு முறை வைத்திருந்தார்: எந்த வாரம் போன் செய்வது, என்ன கேட்பது, வரமாட்டேன் என்றால் எங்கே குறித்து வைப்பது எல்லாம் அதில் உண்டு. ஒரு நகரம் முழுவதற்கும் ஐந்து வருடத் தனி உரிமையை ஒரு கிளினிக்குக்குக் கொடுத்துவிட்டார். ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு வரி. வாங்கியவர் என்ன செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அதன் கீழே எதுவும் இல்லை. போன் செய்து வந்த ஊழியர் வேலையை விட்டதும் அந்த கிளினிக்கில் எல்லாம் நின்றுபோனது. அதே ஊரிலிருந்து ஆசையாகக் கேட்டு வந்த மற்ற கிளினிக்குகளை இவர் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. உரிமையைத் திரும்பக் கேட்டால், கட்டியதைப் போலப் பல மடங்கு கேட்கிறார் வாங்கியவர். சட்டப்படி அவர் பக்கம்தான் நியாயம்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1950களில், பின்னால் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களைப் பெரிதாக வளர்த்த ரே கிராக், அதைத் தொடங்கிய மெக்டொனால்ட் சகோதரர்களிடம் உரிமை வாங்கிய பிறகுதான், சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுண்டியின் உரிமையை அவர்கள் ஏற்கெனவே 5,000 டாலருக்கு வேறொருவருக்குக் கொடுத்திருந்தது தெரியவந்தது. அதை மீட்க கிராக் 25,000 டாலர் கொடுத்தார்.

தனி உரிமை கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் குறைந்தபட்ச ராயல்டி (முறையைப் பயன்படுத்துவதற்கான தொடர் கட்டணம்) இவ்வளவு என்று எழுதுங்கள், அது வராவிட்டால் தனி உரிமை மட்டும் போகும், லைசென்ஸ் தொடரும் என்றும் எழுதுங்கள். லைசென்ஸையே பிடுங்குவோம் என்று எழுதினால் சண்டைதான் வரும், தனி உரிமை மட்டும் போனால் பெரும்பாலும் வராது. ஏரியாவை "சுற்றுவட்டாரம்" என்று எழுதாமல் எல்லை போட்டு எழுதுங்கள், ஆன்லைனில் வரும் வாடிக்கையாளர் யாருக்கு என்பதையும் சேர்த்து. அவருக்குப் பயம் போக வேண்டும் என்றால், "புது ஆளுக்குக் கொடுக்கும் முன் முதலில் உங்களைக் கேட்கிறேன்" என்று நீங்கள் தரும் வாக்குறுதியே பல சமயம் போதும்.

கையேடு இல்லாமல் விற்பது

நீங்கள் பக்கத்தில் இல்லாமல், கையேட்டை மட்டும் வைத்துப் புது ஆள் ஒருவர் நடத்திக் காட்டும்வரை விற்காதீர்கள்.

பதிப்புரிமை எல்லாவற்றையும் காக்கும் என்று நம்புவது

காக்காது. 1995-ல் நடைமுறைக்கு வந்த டிரிப்ஸ் (உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை) உடன்படிக்கையே பதிப்புரிமை கருத்தை வெளிப்படுத்தும் வடிவத்துக்குத்தான், கருத்துக்கோ செயல்முறைக்கோ இல்லை என்கிறது. அதாவது கையேட்டை நகல் எடுப்பதைத் தடுக்கலாம், அதைப் படித்துவிட்டு அதே மாதிரி வேலை செய்வதைத் தடுக்க முடியாது. அதனால் பெயரை டிரேட்மார்க்காகப் பதியுங்கள், ரகசியமானவற்றை ரகசியமாகவே நடத்துங்கள். கையெழுத்து வாங்கும் முன்பே முழு கையேட்டையும் பிடிஎஃப்பாக அனுப்புகிறவர்களை என்ன சொல்வது!

ஒரே தடவை பணம் வாங்குவது

வேண்டாம். பிறகு உதவ உங்களுக்கும் அக்கறை இருக்காது, கணக்குக் காட்ட அவருக்கும் இருக்காது.

"இது ஃபிரான்சைஸ் இல்லை, லைசென்ஸ்தான்" என்று எழுதித் தப்பிக்கப் பார்ப்பது

சட்டம் தலைப்பைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் 1979 முதல் இருக்கும் ஃபிரான்சைஸ் விதிப்படி, உங்கள் பிராண்ட் பெயர், நடத்தும் விதத்தில் கணிசமான கட்டுப்பாடு அல்லது உதவி, அதற்குக் கட்டாயக் கட்டணம், இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஃபிரான்சைஸ்தான். விலக்கு எதுவும் பொருந்தாவிட்டால், கையெழுத்துக்கோ பணம் வாங்குவதற்கோ குறைந்தது 14 நாள் முன்னால் முழு விவர ஆவணம் கொடுத்தாக வேண்டும். உங்கள் நாட்டு விதி வேறாக இருக்கலாம். முதல் ஆளிடம் முன்பணம் வாங்குவதற்கு முன்னாலேயே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.