டிஸ்க்கை அழிக்கும் வைரஸ் வந்தால், நம் கையாலேயே செய்துவிடும் தவறுகள்

கணினியில் விண்டோஸ் எழவில்லை. டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டுகிறீர்கள். "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?" என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கிறது. பதற்றத்தில் கை தானாகச் 'சரி'யை அழுத்திவிடும். தயவுசெய்து அழுத்தாதீர்கள். வைரஸ் விட்டுவைத்ததை நாமே அழிக்கத் தொடங்குவது பல நேரம் இந்த இடத்தில்தான்.

டிஸ்க்கை அழிப்பதற்கென்றே எழுதப்படும் நிரல்களை வைப்பர் என்பார்கள். பெரிய டிஸ்க் ஒன்றை முழுக்க அழிக்க மணிக்கணக்கில் ஆகும். அதனால் பல வைப்பர்கள் டிஸ்க்கின் தலைப்பகுதியில் கை வைக்கின்றன. பழைய அமைப்புள்ள டிஸ்க்குகளில், கணினியை எழுப்பும் குறிப்பும் டிஸ்க் எப்படிப் பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணையும் முதல் 512 பைட்டுக்குள் அடங்கிவிடும். அது போனால் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்த கதைதான். பக்கங்கள் உள்ளேயே இருக்கும், எது எங்கே என்றுதான் தெரியாது. 1999 ஏப்ரல் 26 அன்று வெடித்த சிஐஎச் வைரஸ், செர்னோபில் என்றும் பெயர் பெற்றது, டிஸ்க்கின் முதல் 1 மெகாபைட்டை நாசமாக்கியது. சில கணினிகளில், ஆன் செய்ததும் முதலில் இயங்கும் நிரலை வைத்திருக்கும் பயோஸ் சிப்பையும் கெடுத்தது. ஆனாலும் மீதி டிஸ்க் அப்படியே இருந்ததால் கோப்புகளை மீட்டவர்கள் உண்டு.

எல்லா வைப்பரும் இப்படி அரைகுறையாக விடாது. 2012 ஆகஸ்டில் சவூதி அராம்கோ எண்ணெய் நிறுவனத்தில் சுமார் 30,000 கணினிகளை வீழ்த்திய ஷமூன், கோப்புகளின் மேலேயே எரியும் கொடிப் படத்தின் துண்டை எழுதியது. அப்படி மேலெழுதப்பட்ட கோப்பு திரும்ப வராது. உங்கள் டிஸ்க்கில் நடந்தது இதில் எது என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது தெரியும்வரை அந்த டிஸ்க்கில் ஒரு பைட்கூடப் புதிதாக எழுதக் கூடாது.

நல்ல எண்ணத்தோடு நாம் செய்யும் பல வேலைகள் இந்த ஒரு விதியைத்தான் மீறுகின்றன. விரைவு ஃபார்மட் பொருளடக்கத்தை மட்டும் புதிதாக எழுதும். முழு ஃபார்மட், விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு, டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தால் நிரப்பிவிடும். அதே டிஸ்க்கில் விண்டோஸை மறுபடி போட்டால் பல ஜிகாபைட் உங்கள் கோப்புகள் மேல் ஏறி உட்காரும். விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டினால், அது பழுதுபார்ப்பதாக நினைத்து இருக்கிற தடயங்களையும் மாற்றிவிடலாம். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவுவதும் இதே தவறுதான். முதலில் வேறொரு டிஸ்க்கில் செக்டார் செக்டாராக, அதாவது டிஸ்க்கின் ஒவ்வொரு சிறு துண்டாக, முழு நகல் எடுங்கள். மீட்பு முயற்சி எல்லாம் அந்த நகலில் நடக்கட்டும். சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் இன்னும் அவசரம். நீக்கப்பட்ட இடத்தை அது மின்சாரம் இருக்கும்போதே உள்ளுக்குள் தானாகத் துடைத்துவிடக்கூடும். சீக்கிரம் அணைத்துவிடுங்கள்.

அணைப்பது என்றதும் நினைவுக்கு வருவது நாட்பெட்யா என்ற வைப்பர். 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகக் கிளம்பி உலகம் முழுக்கப் பரவியது. கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். அப்புறம் கறுப்புத் திரையில் செக்டிஸ்க் போலவே வெள்ளை எழுத்துகள், ஏறிக்கொண்டே போகும் சதவீதம், கூடவே ஓர் எச்சரிக்கை: "கணினியை அணைக்காதீர்கள், அணைத்தால் தரவு எல்லாம் அழிந்துவிடும்." நல்ல பிள்ளையாகக் காத்திருந்தால் பின்னால் கோப்புப் பட்டியல் பூட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மின்சாரத்தைப் பிடுங்கியிருந்தால் மிஞ்சியதைக் காப்பாற்றியிருக்கலாம். நீங்கள் கேட்காமல் திடீரென்று இப்படி ஒரு திரை வந்தால், நெட்வொர்க் கேபிளையும் மின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். மறுபடி அந்த டிஸ்க்கிலிருந்து பூட் செய்யாதீர்கள்.

நாட்பெட்யா 300 டாலர் பிட்காயின் கேட்டது. திரையில் காட்டிய அடையாள எண்ணோ ஏதோ தோன்றியபடி உருவாக்கப்பட்டது. அதிலிருந்து பூட்டைத் திறக்கும் சாவியைக் கண்டுபிடிக்க எழுதியவர்களாலேயே முடியாது. பணம் கட்டியவர்களுக்கும் அதனால் எதுவும் திரும்பவில்லை. பணம் கேட்கிறது என்பதற்காக, கொடுத்தால் தரவு வரும் என்று நம்பிவிடாதீர்கள்.

அடுத்த தவறு, "பேக்கப் இருக்கிறதே" என்று அந்த டிரைவைக் கொண்டுவந்து அதே கணினியில் செருகுவது. இருந்த ஒரே நல்ல நகலும் அப்போது போய்விடும். சுத்தமான வேறு கணினியில் மட்டும் திறங்கள். தானாக ஒத்திசையும் ஃபோல்டரை பேக்கப் என்று நினைப்பதும் ஆபத்து; இங்கே அழிந்தால் அங்கேயும் அழிவு ஒத்திசையும். மர்ஸ்க் கப்பல் நிறுவனம் இதை நாட்பெட்யாவில் அனுபவித்தது. நெட்வொர்க்கில் யார் நுழையலாம் என்று சரிபார்க்கும் சர்வர்களான அதன் டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன. எல்லாம் இணைப்பில் இருந்ததால் எல்லாமே போயின, ஒன்றைத் தவிர. கானாவில் அந்த நேரம் மின்வெட்டு. அங்கிருந்த கன்ட்ரோலர் அணைந்து கிடந்ததால் பிழைத்தது. அந்த ஒன்றை வைத்துத்தான் மொத்த நெட்வொர்க்கையும் மறுபடி எழுப்பினார்கள்.

ஒரு கணினியைச் சுத்தம் செய்ததும் உடனே நெட்வொர்க்கில் சேர்க்காதீர்கள். இந்த வகை நிரல்களில் சில, நினைவகத்திலிருந்து நிர்வாகி பாஸ்வேர்டுகளைத் திருடி அடுத்த கணினிக்குத் தாவுகின்றன. பாஸ்வேர்டுகளைப் பாதிக்கப்படாத ஒரு கணினியிலிருந்து மாற்றி, மற்றவை எல்லாம் சரியாகிவிட்டன என்று பார்த்த பிறகு கேபிளைச் செருகுங்கள்.